கட்டும் காப்பும்

அகிம்சையே அறங்களுள் தலையாயது என்பதில் நம்மவருள் எவருக்கும் ஐயம் இல்லை. ஆயினும், கொல்லாமை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் உணவும் நீரும் விளக்குமே ஆகும். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். விளக்கில் விட்டில் விழாமல் காக்கிறோம். இவை யாவும் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வங்கள். இத்துணை நுண்மையாக உயிரைப் பேணும் குடும்பங்கள், தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தைப் பற்றியும் அதே நுண்மையோடு எண்ணுகின்றனவா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பொருளை வரையறுத்துக் கொள்வோம். நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய வேன் ஒன்று இருக்கும். மாருதி ஆம்னி போன்ற வண்டிகள் 1984 முதல் 2019 வரை நம் நாட்டில் செய்யப்பட்டவை. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் குடும்பத்தோடு சென்றுவர, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அறவகுப்புக்கு அழைத்துச் செல்ல, இவையே நமக்குத் துணை. இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் பின் இருக்கைக்குப் பெல்ட்டே கிடையாது; சிலவற்றில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டும் உண்டு. தோளையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டைப் பின் இருக்கையில் புதிதாகப் பொருத்திக்கொள்ள வேண்டுமா? இது செலவைப் பற்றிய கேள்வி மட்டும்தானா, அன்றி அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகுமா?

முதலில் உலகியல் செய்தியைத் தெளிவாக அறிதல் வேண்டும். நற்காட்சிக்கு அடுத்து நல்ஞானத்தை வைத்த மரபு நம்முடையது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. அவ்வேகத்தில் அது ஒரு மரத்திலோ லாரியிலோ மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத உடல் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னே பாய்கிறது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்கு ஒப்பானது அது. 20 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றைத் தாய் தன் மடியில் அணைத்திருக்கிறாள் எனக் கொள்வோம். வண்டி அரை மீட்டர் தூரத்துக்குள் நொறுங்கி நிற்குமாயின், அக்குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 400 கிலோ பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். முகப்புக் குறுகிய வேன்களில் நொறுங்கும் தூரம் இன்னும் குறைவாதலின், தேவைப்படும் வலிமை இன்னும் மிகுதி. எந்தத் தாயின் கைக்கும் அவ்வலிமை இல்லை. அன்பு குறைந்ததால் அன்று. கை கையாக இருப்பதால்.

இடுப்பு பெல்ட் மட்டும் போதாதோ எனின், அது ஒன்றுமில்லாததினும் நன்றே, எனினும் குறையுடையது. வளர்ந்தவர்க்கு இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு பெல்ட்டைத் தாங்கும். குழந்தைகளுக்கு அவ்வெலும்பு முழுமையாக வளர்ந்திராது. மோதலின்போது உடல் இடுப்பில் மடிய, பெல்ட் மேலேறி மென்மையான வயிற்றை அழுத்துகிறது. குடலும் முதுகெலும்பும் காயமுறுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு கூறியுள்ளனர். தோள், மார்பு, இடுப்பு ஆகிய வலிய எலும்புகளின்மீது விசையைப் பகிர்ந்து வைப்பதே மூன்று முனைப் பெல்ட்டின் தத்துவம். 1959இல் இதனைச் செம்மையாக வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். உயிர்காக்கும் பொருளாயிற்றே என்று, காப்புரிமை இருந்தும் பிற நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. அமெரிக்காவில் கார்களின் பின் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1989 டிசம்பரில்; வேன்களுக்கு 1991 செப்டம்பரில். அதற்கு முந்தைய வண்டிகளை வைத்திருந்த குடும்பங்கள் பின்னர்ப் பொருத்திக்கொள்வதற்கென்று, உற்பத்தியாளர் சிலர் தனித் தொகுப்புகளையும் விற்றனர். ஆகவே நாம் ஆராயும் வினா நமக்கு மட்டும் உரியதன்று; பழைய வண்டியும் சிறு பிள்ளைகளும் உள்ள எல்லா இல்லங்களுக்கும் பொதுவானது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாளா இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி, பெல்ட் அமைக்கப்பட்ட வண்டிகளில் முன்நோக்கிய பின் இருக்கையில் அமர்வோரும் அதனை அணிய வேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்குரிய காப்பு அமைப்போ இன்றி ஏற்றிச் செல்பவர்க்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சிச் செய்வது அறமாகாது. அறம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே நம் கேள்வி.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கிறார். அங்கே உயிர்க்கேட்டை மட்டும் கூறி அவர் அமையவில்லை. அதற்கு முன்பாகப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, காரணமாக வைத்தார். அமிருதசந்திர ஆசாரியர் இதனை மேலும் விரித்து, கவனத்தோடு ஒழுகுபவனால் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தாலும் அவன் இம்சை செய்தவனாகான் என்றும், கவனமின்றி ஒழுகுபவன் ஓர் உயிரும் மடியாதபோதும் இம்சை செய்தவனே என்றும் தெளிவுறுத்தினார். தமிழில் இதற்குப் பொச்சாப்பு என்று பெயர். திருக்குறளில் 53ஆம் அதிகாரம் சுற்றந்தழால். அதற்கு அடுத்த 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. சுற்றத்தைத் தழுவிக்கொண்டால் மட்டும் போதாது, மறவாமலும் காக்க வேண்டும் என்று அவ்வைப்பு முறையே நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இவ்விலக்கணத்தை நம் வேனுக்குள் வைத்துப் பார்ப்போம். "இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறோம், இதுவரை ஒன்றும் நேரவில்லையே" என்று பலர் கூறுவர். உலக வழக்கில் இது நல்ல விடையாகத் தோன்றும். நம் அறநூல் வழக்கில் இது விடையே அன்று. ஒன்றும் நேராமை நம் வினைப்பயனின் விளைவாக இருக்கலாம். பிறர் கவனத்தின் விளைவாகவும் இருக்கலாம். நாம் விழிப்போடு இருந்தோமா என்பதே கணக்கு. இன்ன தீங்கு வரக்கூடும் என்று அறிந்தும், அதைத் தடுக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வாளா இருந்த ஒவ்வொரு பயணத்திலும் பிரமாதம் நிகழ்ந்தே முடிந்தது. விபத்து நேர்ந்த நாளில்தான் இம்சை தொடங்கியது என்பது இல்லை.

பிரமாதம் பதினைந்து வகைப்படும் என்பது நம் ஆகம மரபு. பயனற்ற பேச்சு நான்கு, கசாயங்கள் நான்கு, புலன்கள் ஐந்து, உறக்கம் ஒன்று, நேசம் ஒன்று. இப்பட்டியலை ஒரு வாகனத்துக்குள் இருந்து படித்துப் பாருங்கள். உணவைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் ஓயாது பேசி ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கிறோம், அது விகதை. முந்திச் சென்றவனை விடக்கூடாது என்று விரட்டுகிறோம். அது சினமும் செருக்கும். விடியலுக்குள் சேர வேண்டும் என்று இரவெல்லாம் ஓட்டச் சொல்கிறோம். அங்கே உறக்கம் காத்திருக்கிறது. இவை எல்லாம் எளிதில் விளங்குவன. ஆனால் பதினைந்தாவதாக நேசத்தை ஏன் வைத்தனர்? அன்பு எப்படிக் கவனக்குறைவாகும்?

பேரனை மடியை விட்டு இறக்க மனமில்லாத பாட்டியை நினைத்தால் இது விளங்கும். குழந்தை அழுகிறதே என்று பெல்ட்டைக் கழற்றிவிடும் தந்தையை நினைத்தாலும் விளங்கும். அவர்களிடம் அன்பு இல்லையா? நிறைய உண்டு. ஆனால் அந்த அன்பு குழந்தையின் நலத்தை விட்டுத் தன் மனநிறைவைப் பற்றிக்கொண்டுவிட்டது. அணைத்திருக்கும் இன்பம் தமக்கு. அடிபடும் துன்பம் குழந்தைக்கு. நேசத்தைப் பிரமாதத்தின் கணக்கில் எழுதிய நம் ஆசாரியர்கள் மனித உள்ளத்தை எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தனர்!

இனி ஒரு பெரிய தடையை எதிர்கொள்ள வேண்டும். "ஆயுள் இருந்தால் பிழைக்கும், இல்லையேல் பெல்ட் போட்டாலும் போகும். ஆயு கர்மத்தை வெல்ல யாரால் ஆகும்?" என்று கூறுவோர் நம்முள் உண்டு. சமணக் கொள்கையின் பெயரால் இது கூறப்படுவதால் சமணக் கொள்கையைக் கொண்டே விடை காண்போம். தத்துவார்த்த சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், இடையில் குறைக்கப்படாத ஆயுளை உடையவர் யாவர் என்று எண்ணிச் சொல்லப்பட்டுள்ளது. தேவர், நாரகர், அப்பிறவியிலேயே வீடுபெறும் உத்தம உடலினர், கணக்கற்ற ஆண்டு வாழ்வுடைய போகபூமியினர் ஆகியோரே அவர்கள். எஞ்சிய நம்போன்ற மாந்தரின் ஆயுள் நஞ்சு, படைக்கலம் முதலிய புறக்காரணங்களால் முன்னரே முடியக்கூடும். இதனை அகாலமரணம் என்பர். மாங்காய் உரிய காலத்துக்கு முன்பே முயற்சியால் பழுக்க வைக்கப்படுவதைப் போன்றது இது என்று அகளங்க தேவர் தம் உரையில் விளக்குவார். அகாலமரணம் என்று ஒன்று இல்லையாயின் மருத்துவ நூலுக்கே பயனில்லாமல் போகும் என்பதும் அங்கு வரும் கருத்தே. நோயுற்ற குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது ஆயு கர்மத்தை நாம் நினைத்து நின்றுவிடுவதில்லை. மருந்துக்கு ஒரு நீதி, பெல்ட்டுக்கு ஒரு நீதி என்று வைப்பது கொள்கை அன்று. சோம்பலுக்குக் கொள்கையின் ஆடையை உடுத்துவதே ஆகும்.

மற்றொரு தடை சொல்லின்மேல் எழுவது. எனினும் சிந்திக்கத் தக்கது. அகிம்சை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் முதலாவது பந்தம், அதாவது உயிர்களைக் கட்டிவைத்தல். அசைய விரும்பும் குழந்தையைக் கட்டி வைப்பதும் அத்தகையதோ? அன்று. கட்டுவோன் தன் பயன் கருதி, கட்டப்பட்ட உயிர் வருந்தக் கட்டுவதே அங்குக் கூறப்பட்ட பந்தம். முனிவர்க்குரிய மனம், மொழி, மெய் என்னும் மூன்றன் அடக்கத்துக்குக் குப்தி என்று பெயர். அச்சொல்லுக்கு அடக்குதல் என்பதோடு காத்தல் என்னும் பொருளும் உண்டு. அடக்குவதே காப்பது என்று ஒரே சொல்லால் உணர்த்திய மரபு நம்முடையது. பிள்ளைகளுக்கு இதனை விளக்கிச் சொன்னால், பெல்ட் அணிவது அவர்கள் கற்கும் முதல் அடக்கப் பயிற்சியாகவும் அமையும். பெரியோர் தாம் அணியாமல் பிள்ளைகளை மட்டும் அணியச் சொன்னால் அப்பயிற்சி பலிக்காது. மேலும், பின்னால் கட்டப்படாமல் இருக்கும் பெரியவர், மோதலின்போது முன்னிருப்பவர்மீது பாயும் சுமையாகிவிடுகிறார். ஆகவே தனக்குப் பெல்ட் அணிவது தன்னைக் காப்பது மட்டும் அன்று. பிறரைக் காப்பதும் ஆகும்.

அதே அதிசாரங்களுள் நான்காவது அதிபாராரோபணம், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல். முன்னோர் காளைகளை எண்ணிக் கூறினர். இன்று ஐவருக்கான வேனில் பதின்மரை ஏற்றுகிறோம். இங்குத்தான் நம் சமூகத்துக்கு உண்மையான இடர்ப்பாடு எழுகிறது. மூன்று பெல்ட் பொருத்தினால் மூன்று பிள்ளைகளைத்தான் ஏற்றலாம். ஏறக் காத்திருப்பவர் ஆறு பேர். மூவரை விட்டுச் செல்வதா? கோவிலுக்கும் அறவகுப்புக்கும் வர விரும்பும் பிள்ளையை இடமில்லை என்று திருப்புவது அறமா? ஒரு பெல்ட்டில் இருவரைச் சேர்த்துக் கட்டுவது தீர்வாகாது. மோதலில் ஒருவரை மற்றவர் நசுக்குவர். இரண்டு முறை ஓட்டலாம். பெரியோர் பேருந்தில் வந்து, பிள்ளைகளுக்கு இருக்கை விடலாம். இரு குடும்பங்கள் செலவைப் பகிர்ந்து மற்றொரு வண்டி அமர்த்தலாம். இவற்றுள் எதுவும் இயலாத நாளில், ஒரு வகுப்பை இழப்பது நல்லது. தவறிய வகுப்பை அடுத்த வாரம் நடத்தலாம். தவறிய உயிரை மீட்க வழியில்லை. இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பை ஓட்டுநர் ஒருவர்மேல் மட்டும் சுமத்தாமல், வீட்டுப் பெரியோரும் சங்கத்தாரும் ஏற்றல் முறை.

செலவைப் பற்றியும் ஒன்று கூறுவோம். புதிய வண்டி வாங்கினால் எல்லாம் தீரும் என்பர். இயன்றவர் வாங்கலாம். ஆயினும், இருப்பதைச் செப்பனிட்டு, தேவையானதை மட்டும் சேர்த்து வாழ்தல் பரிமித பரிக்கிரகம் என்னும் நம் விரதத்துக்கு இயைந்தது. பழைய வேனின் இருக்கை உறைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் இல்லம், பெல்ட்டுக்குச் செலவிடத் தயங்குமாயின் அங்கே குறைவது பொருள் அன்று.

எனினும், எப்படியாவது ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டால் போதும் என்று எவரும் எண்ணற்க. பொய்யான காப்பு, காப்பின்மையினும் தீயது. மெய்யல்லாததை மெய்யென்று நம்ப வைக்கும் மித்தியாத்துவத்தைப் போன்றது. ஆதலின் சில செய்திகளை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

1. முதலில் வண்டி நிறுவனத்தின் உதிரிபாக விற்பனையகத்தில் அவ்வகை வண்டிக்குரிய பின் பெல்ட் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். சில வண்டிகளின் தரையிலும் பக்கத் தூணிலும் மரையுள்ள துளைகளை உற்பத்தியின்போதே வைத்து மூடியிருப்பர்.

2. அத்துளைகள் இல்லையேல், வண்டிக் கூட்டின் வலிமையை அறிந்த வல்லுநரிடம் மட்டுமே செல்ல வேண்டும். மெல்லிய தகட்டில் வெறும் போல்ட் மாட்டினால் மோதலில் பிய்ந்து வரும். பின்புறம் தடித்த வலுத் தகடும், பெல்ட்டுக்கென்று செய்த உயர்வலிமைப் போல்ட்டும் வேண்டும். பெல்ட்டுக்கு ஏ.ஐ.எஸ். 005, பிணைப்பிடத்துக்கு ஏ.ஐ.எஸ். 015 என்பன நம் நாட்டுத் தர அளவைகள். வல்லுநர் இயலாது என்றால் அதை ஏற்றுக்கொள்க. அவ்வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதிருப்பதே வழி.

3. மேல் பிணைப்பு அமர்பவரின் தோள் மட்டத்துக்குக் கீழே இருத்தல் ஆகாது. கீழே இருந்தால் முதுகெலும்பை அழுத்தும்.

4. இழுத்தால் பூட்டிக்கொள்ளும் சுருள்பெட்டியை, அது எந்த நிலைக்கெனச் செய்யப்பட்டதோ அந்த நிலையிலேயே பொருத்த வேண்டும். சாய்ந்தால் சரியாகப் பூட்டாது.

5. விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டை வாங்கலாகாது. ஒருமுறை விசையைத் தாங்கிய நாடா வலுவிழந்திருக்கும்.

6. இருக்கை உறுதியாகத் தரையோடு பிணைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் நோக்கிய நீள் இருக்கைக்குத் தோள் பெல்ட் பொருந்தாது; அதில் குழந்தைகளை அமர்த்தாதிருப்பதே நன்று.

7. ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை குழந்தைக்கு உயர்த்தி இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தில் உராயாமல் தோளின் நடுவிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பின் கீழும் படிய அதுவே உதவும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அவரவர் எடைக்குரிய தனி இருக்கை தேவை. உறுத்துகிறது என்று தோள் பட்டையை முதுகுக்குப் பின்னோ அக்குளுக்கடியிலோ தள்ள விடலாகாது.

இவ்வளவும் செய்தபின் விபத்தே நேராது என்று நாம் கூறவில்லை. பெல்ட் கட்டியவரும் இறந்ததுண்டு. முனிவர் நான்கு முழம் முன்னே நோக்கி அடிவைத்து நடப்பது ஈரியா சமிதி. அவ்வாறு நடந்தும் காலடியில் ஓர் உயிர் மடியக்கூடும்; ஆனால் அவரிடம் பிரமாதம் இல்லை. நாமோ நொடிக்கு 14 மீட்டர் விரைகிறோம். நான்கு முழ நோக்கு நமக்கு எவ்வாறு போதும்? வேகத்தைக் குறைத்தலும், இரவுப் பயணத்தைத் தவிர்த்தலும், ஓட்டுநர்க்கு ஓய்வளித்தலும், பெல்ட் அணிதலும் சேர்ந்ததே இல்லறத்தார்க்கு உரிய ஈரியா சமிதி என்று கொள்ளத் தகும். இவற்றைச் செய்தும் துன்பம் வந்தால் அதனை வினைப்பயன் என்று தாங்கும் உரிமை நமக்கு உண்டு. செய்யாதிருந்துவிட்டு வினையின்மேல் பழியிட நமக்கு உரிமை இல்லை.

நமது எண்ணிக்கை சிறிது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் அருகன் அறத்தைச் சுமந்து வந்த குடும்பங்கள் சில ஊர்களில் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெற்றோர்க்கு மட்டும் உரியது அன்று; அச்சங்கிலியின் ஒரு கண்ணி. நீரில் உள்ள நுண்ணுயிரைத் துணியால் காக்கும் நம் கை, நம் பிள்ளையையும் ஒரு துணிப்பட்டையால் காக்கட்டும். அடுத்த யாத்திரைக்கு நாள் குறிக்குமுன், வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப நாள் குறிப்போமாக.

நல்லறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!